யார் தருகிற கமிஷன்?

"அலிபாபா இருக்கு, இண்டியாமார்ட் இருக்கு, வீடியோ காலிலேயே ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டிடறாங்க. அப்புறம் நடுவில் நீங்க எதுக்கும்மா?"

பெங்களூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஐடி கம்பெனியில் இருக்கும் யாராவது ஒரு அண்ணா இதைக் கேட்டுவிடுவார். நான் பையிங் ஏஜென்ட். வெளிநாட்டில் சின்ன பிராண்ட் நடத்துகிறவர்களுக்கு (இவர்களைப் பையர் என்போம்) இங்கே சட்டை, பேன்ட், ஜாக்கெட் தைக்கிற ஃபேக்டரியைப் பிடித்துக் கொடுத்து, சரக்கு கப்பல் ஏறும்வரை கூடவே நிற்பது என் வேலை. அண்ணா கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது: "உங்களுக்குக் காசு தருவது யார்?" இதற்கு நேராகப் பதில் சொல்லாத ஏஜென்ட்டுகளால்தான் எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர்.

முதலில் அண்ணாவுக்கான பதிலை முடித்துவிடுகிறேன். ஃபேக்டரி நம்பர் கிடைப்பது எந்தக் காலத்திலும் கஷ்டமாக இருந்ததில்லை. பனியன், டி-ஷர்ட் என்றால் திருப்பூர். படுக்கை விரிப்பு, திரைச்சீலை என்றால் கரூர். தோல் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. நெய்த துணியில் சட்டை, ஜாக்கெட் என்றால் எங்கள் பெங்களூரின் பொம்மனஹள்ளி, பீன்யா, மைசூர் ரோடு. இது ஊரறிந்த விஷயம். ஆர்டர் கொடுத்தபிறகு அந்தச் சட்டை யாருடைய மெஷினில் ஓடுகிறது என்பதுதான் வெளிநாட்டில் இருப்பவருக்குத் தெரியாது.

பெரிய பிராண்டின் வேலை வந்தால் லைன், அதாவது தையல் மெஷின் வரிசை, முழுவதும் அதற்கே போய்விடும். என் பையருடைய 3,000 சட்டை சத்தமில்லாமல் ஏதோ ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன யூனிட்டுக்குக் கைமாறும். அங்கே என்ன மெஷின், யார் தைக்கிறார்கள், தீப்பிடித்தால் வெளியே வர வழி உண்டா, எதுவும் தெரியாது. கட்டிங் முடிந்ததும் ஒவ்வொரு துண்டிலும் பண்டில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த நம்பர் லைன் ரிஜிஸ்டரில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் துணி வேறெங்கோ போயிருக்கிறது. "என் ஸ்டைல் எந்த லைன்ல ஓடுது?" என்று கேட்டால், "இப்பதான்க்கா முடிஞ்சு வாஷிங் போச்சு" என்பார் சூப்பர்வைசர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். பொய் சொல்லும்போது கையில் இருக்கும் சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருப்பார். வீடியோ காலில் இதெல்லாம் தெரியாது.

சரி, கமிஷனுக்கு வருகிறேன்.

சரக்கு பெட்டியில் ஏறியபிறகு இறுதிப் பரிசோதனை நடக்கும். ஏக்யூஎல் என்று சொல்வோம், எத்தனை குறைவரை ஏற்கலாம் என்ற வரம்பு. உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே அட்டவணைதான். 3,000 சட்டை என்றால், வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனைப்படி 125 சட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறைகளுக்கு வரம்பு 2.5 என்று பேசியிருந்தால், அட்டவணைப்படி ஏழு குறைவரை பாஸ், எட்டு வந்தால் ஃபெயில். உடைந்த ஊசிமுனை துணிக்குள் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கே கிடையாது. ஒன்று போதும், மொத்த லாட்டும் நிற்கும்.

எங்கள் தொழிலின் மொத்த யோக்கியதையும் அந்த ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. காலரின் இரண்டு முனையும் ஒரே நீளமாக இல்லை. வித்தியாசம் சின்னதுதான். இது பெரிய குறையா, சின்னக் குறையா? இன்ச் டேப்பும் அளவு அட்டவணையும் ஒரு பதில் சொல்லும். ஃபெயில் என்று எழுதினால் பெட்டி எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு சட்டையாகப் பார்த்துச் சரிசெய்து, மறுபடி மடிக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் தவறும். தவறினால் சில சமயம் தேவனஹள்ளியிலிருந்து விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், அந்தச் செலவில் லாபம் போய்விடும். பக்கத்தில் ஃபேக்டரி முதலாளி டீ கொண்டுவரச் சொல்லிக்கொண்டே நிற்பார். அந்த முதலாளியிடமிருந்தே மூன்று சதவீதம் வாங்குகிற ஏஜென்ட், எட்டாவது சட்டையை எந்தக் கணக்கில் எழுதுவார் என்று நினைக்கிறீர்கள்?

பையரிடம் ஐந்து சதவீதம் வெளிப்படையாக வாங்கிக்கொண்டு, ஃபேக்டரியிடமும் தனியாக மூன்று சதவீதம் வாங்குவது இந்த ஊரில் புதிதல்ல. "எல்லாரும் வாங்கறாங்க மேடம், நீங்க ஏன் வேண்டாங்கறீங்க" என்று முதலாளிகளே கவரை நீட்டுவார்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். சட்டை எட்டு டாலர் என்றால் மூன்று சதவீதம் 24 சென்ட், இருபது ரூபாய்க்கு மேல். முதலாளி அதைத் தன் பையிலிருந்து தருவதில்லை. பெரும்பாலும் காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் துணியில், அதாவது ஃபியூசிங்கில்தான் எடுப்பார். மட்டமான ஃபியூசிங் போட்ட சட்டை பரிசோதனை அன்றைக்கு விறைப்பாக, அழகாகவே இருக்கும். நாலு சலவைக்குப் பிறகு காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். உங்கள் பீரோவிலேயே அப்படி ஒரு சட்டை இருக்கலாம், பாருங்கள்.

ஃபியூசிங்கில் எடுக்கவில்லை என்றால் தைக்கிற பெண்களின் ஓவர்டைம் கூலியில் எடுப்பார். 2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தை எடுப்பதற்குக் கட்டுப்பாடு வருகிறது என்றதும் இதே பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டில், ஆயிரக்கணக்கான தையல் பெண்கள் இறங்கி உட்கார்ந்தார்கள். மத்திய அரசு பின்வாங்கியது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க வழியில்லாதவர்களுக்கு பி.எஃப். ஒன்றுதான் சேமிப்பு. அந்த மெஷின் வரிசையைத் தாண்டித்தான் நானும் பரிசோதனை மேஜைக்குப் போகிறேன். ரகசிய இருபது ரூபாயை "தொழில் தர்மம்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை.

பையரிடம் மட்டும் வாங்கினால் எல்லாம் சுத்தமா என்றால், அதுவும் இல்லை. சதவீதக் கமிஷனில் விலை ஏறினால் என் வரவும் ஏறும். ஆக, விலையைக் குறைத்துப் பேசித் தரும் ஏஜென்ட் தன் கையையே வெட்டிக்கொள்கிறார். அதனால் சிலர் மாதக் கட்டணத்துக்கு மாறிவிட்டார்கள், எனக்கும் அது பிடித்திருக்கிறது. இன்னொரு பக்கம், பையரின் ஆளாக நின்றுகொண்டு ஃபேக்டரியை ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று கசக்குகிறவர்களும் எங்களில் உண்டு. இந்த விலைக்கு இந்தச் சட்டை வராது என்று பையரிடம் சொல்லத் தெரியாதவர் எதற்கு ஏஜென்ட்? ஆனால் இதிலெல்லாம் யார் யாருக்காகப் பேசுகிறார் என்பதாவது வெளியே தெரியும். இரண்டு பக்கமும் வாங்குகிறவரிடம் அதுவும் தெரியாது.

அரசாங்கமும் எங்களை விசித்திரமாகத்தான் பார்த்தது. பையர் வெளிநாட்டில், பணம் வருவது டாலரில். ஆனாலும் 2017இல் வந்த ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) சட்டத்தின் 13(8)(பி) பிரிவுப்படி எங்களைப் போன்ற இடைத்தரகரின் சேவை இந்தியாவிலேயே நடந்ததாகக் கணக்கு வைத்தார்கள். ஏற்றுமதி என்று ஒப்புக்கொள்ளவில்லை, 18 சதவீதம் வரி போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 2021இல் இரண்டு நீதிபதிகள் இந்தப் பிரிவு செல்லுமா என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். 2025 செப்டம்பரில்தான் ஜி.எஸ்.டி. கவுன்சில் அந்தப் பிரிவை நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. வெளிப்படையாக பில் போட்டவருக்குத்தான் இத்தனை வருஷமும் இந்த இடி. கவரில் வாங்கியவருக்கு எந்தப் பிரிவும் பொருந்தவில்லை!

இப்போது நான் புது ஃபேக்டரிக்கு அனுப்பும் முதல் மெயிலிலேயே எழுதிவிடுகிறேன்: என் கட்டணம் பையர் தருவது, உங்கள் காஸ்டிங்கில் (விலைக் கணக்கில்) எனக்கென்று எதையும் சேர்க்க வேண்டாம், பையருக்கும் இதன் நகல் போகிறது. அந்த மெயிலுக்குச் சிலர் பதிலே போடுவதில்லை. ஒருவர் போன் போட்டு, "இப்படி எழுதினா மத்த ஏஜென்ட்டெல்லாம் எங்களைத்தான் கேப்பாங்க, தனியா வாட்ஸாப்ல சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். பீன்யாவில் ஒருவர் மட்டும் உடனே பதில் போட்டு, முதலில் அனுப்பிய விலையிலிருந்து சட்டைக்கு 20 சென்ட் குறைத்துப் புது காஸ்டிங் அனுப்பினார். ஏன் குறைந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்குத்தான் ஆர்டர் போயிருக்கிறது. ஃபியூசிங் சாம்பிளை மட்டும் பத்துத் தடவை துவைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.