அந்தச் சிறுமி உயிரோடுதான் நின்றாள்

இரண்டு நாட்களாகப் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன். அந்தக் காணொளியை எனக்கு மட்டுமே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். "உனக்குத்தான் பழைய போட்டோ பிடிக்குமே" என்று குறிப்பு வேறு. ஆகவே எந்தக் காணொளி என்று விளக்க வேண்டியதில்லை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இறந்த குழந்தைகளை இரும்புக் கம்பியில் கட்டி, நிற்கவைத்துப் படம் எடுத்தார்களாம். அதற்குச் சான்றாக ஒரு சிறுமியின் படம். அவளுடைய கவுனுக்குப் பின்னால், தரையை ஒட்டி, ஓர் இரும்புத் தாங்கியின் கால் தெரிகிறது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பின்னணியில் நாய் ஊளையிடும் சத்தத்தையும் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தச் சிறுமி உயிரோடுதான் நின்றாள். அந்தத் தாங்கி தெரிவதுதான் அவள் உயிரோடு இருந்தாள் என்பதற்கே சான்று.

இதைத்தான் அந்தக் காணொளிக்குக் கீழே மரியாதையாகவே எழுதினேன். என் அப்பா முப்பத்தைந்து வருடம் மாயவரத்தில் ஸ்டூடியோ நடத்தியவர், சாவு வீடுகளுக்கும் போய்ப் படம் எடுத்தவர் என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் ஒரு பதில் வந்தது: "பிணத்தைப் படம் எடுத்துச் சம்பாதித்த வீட்டுப் பிள்ளைக்குக் கோபம் வரத்தான் செய்யும்." அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட சிரிப்புக் குறிகள். மறுநாள் காலையில் என் கருத்தை நீக்கிவிட்டார்கள். அந்தப் பதில் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாங்கி என்ன என்று முதலில் பார்ப்போம். கனமான அடிப்பாகம், அதிலிருந்து மேலே எழும் ஒரு கம்பி, அதன் உச்சியில் பிறை போன்ற சிறிய பிடி. பிடியைத் தலையின் பின்பக்கம் மெல்லத் தொடுகிற மாதிரி வைத்துத் திருகை முடுக்குவார்கள். நிற்பவர் தன் காலில்தான் நிற்கிறார். தலை ஆடாமல் இருக்க மட்டுமே அந்தப் பிடி. பிலிம் வருவதற்கு முன்பு படம் பதிந்தது தகட்டில்தான்; அந்தத் தகட்டுக்கு ஒளி சேரச் சில வினாடிகள், வெளிச்சம் குறைந்தால் அதைவிட அதிக நேரம், வேண்டியிருந்தது. அதுவரை தலை அசையக் கூடாது. பத்து வினாடி தலையை அசைக்காமல் நின்று பாருங்கள், தெரியும். சுவரில் பின்தலையைச் சாய்த்துக்கொண்டால் எளிதாகிவிடும். அந்தச் சுவர் செய்கிற வேலையைத்தான் தாங்கி செய்தது. உயிரற்ற உடலின் பாரத்தைத் தூக்கி நிறுத்த அதனால் ஆகாது. உடல் சரியும், தாங்கியும் அதோடு கவிழும்.

இது ஊகமில்லை. அந்தக் காலத்து நாளிதழ்கள் மின்னாக்கம் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. நான் நான்கு வருடங்களாக இரவில் உட்கார்ந்து படிப்பது அவற்றின் விளம்பரப் பத்திகளைத்தான். அடகுக்கடை அறிவிப்புக்கும் இருமல் மருந்துக்கும் நடுவில் நாலு வரியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கும். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், என்ன விலை, என்ன உடுத்தி வர வேண்டும் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, நடத்தியவர்களே காசு கொடுத்து அச்சிட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1841 மார்ச் 23. லண்டன் ரீஜென்ட் தெருவில், ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தின் மேல்மாடியில், ரிச்சர்ட் பியர்ட் என்பவர் ஸ்டூடியோ திறந்தார். ஐரோப்பாவிலேயே பொதுமக்களுக்கான முதல் உருவப்பட ஸ்டூடியோ அதுதான். பியர்ட் ஓவியரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை, நிலக்கரி வியாபாரி. தகட்டில் படம் பதிக்க டகேர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த முறையை உலகத்துக்கே இலவசம் என்று பிரான்ஸ் 1839 ஆகஸ்ட் 19இல் அறிவித்தது. ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்பே, 14ஆம் தேதி, இங்கிலாந்தில் மட்டும் அதற்குக் காப்புரிமை பதிவாகிவிட்டது. அந்த உரிமையைத்தான் பியர்ட் விலைக்கு வாங்கினார். வெளியூர்களுக்கு உரிமத்தைப் பிரித்து விற்றார், மீறியவர்கள்மேல் வழக்குப் போட்டார். விளம்பரங்களில் "ஒரே காப்புரிமையாளர்" என்ற பட்டம் தவறாமல் வந்ததற்குக் காரணம் இதுதான்.

அங்கே படம் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் மரியா எட்ஜ்வொர்த் என்ற எழுத்தாளர். 1841 மே மாதம் போனபோது அவருக்கு வயது 73. அந்த அனுபவத்தை ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மேலும் கீழுமாக அறை அறையாக அழைத்துப்போகிறார்கள், கண்ணுக்குத் தெரியாத யாரோ கிசுகிசுக்கிறார்கள், உயரமான மேடையில் ஒரு முக்காலி, மேலே கண்ணாடிக் கூரை, அதன் வழியே விழும் நீல ஒளியில் எல்லோரும் ஆவிகளைப் போலத் தெரிகிறார்கள், கறுப்புடை அணிந்தவர்கள் ஓசையில்லாமல் நகர்கிறார்கள். அந்தத் தகட்டுக்கு நீல ஒளிதான் உறைக்கும். கண் கூசாமல் இருக்க நீலக் கண்ணாடி பதித்தாலும் படத்துக்குக் குறைவில்லை. உயிருள்ளவர்களே அங்கே ஆவியாகத் தெரிந்தார்கள் என்று, உயிரோடு போய் உட்கார்ந்த ஒரு மூதாட்டி அன்றே எழுதிவைத்துவிட்டார். அந்த அச்சத்தை இன்றைக்கு எடுத்துவைத்துக் காசு பார்க்கிறார்கள்.

படத்தில் கண்கள் வெளிறித் தெரிகின்றன, பிணத்தின் கண்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்று அந்தக் காணொளி சொல்கிறதே, அதற்கும் இதே பதில்தான். நீலம் அந்தத் தகட்டில் வெள்ளையாக விழும், சிவப்பும் மஞ்சளும் கறுப்பாக விழும். நீலக்கண் வெளிறும், முகத்துப் பழுப்புப் புள்ளி கரும்புள்ளியாகும். வெள்ளையும் வெளிர்நீலமும் உடுத்தி வராதீர்கள், கருநிறப் பட்டு அணிந்து வாருங்கள் என்று அன்றைய ஸ்டூடியோக்காரர்கள் வாடிக்கையாளர்களைக் கெஞ்சியது இதனால்தான். பிணத்துக்கு யாராவது உடை யோசனை சொல்வார்களா? தலைவாசலில் நடந்து நுழையப்போகிறவருக்குத்தானே சொல்வார்கள்?

அப்போது சிறிய படம் ஒன்றுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பண்ணையில் உழைத்தவருக்கு அது இரண்டு வாரக் கூலி. அதன் பிறகு நடந்தது வேகமான கதை. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர், கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடியில் பூசிப் படம் எடுக்கும் மலிவான முறையை வெளியிட்டார், காப்புரிமை எடுக்கவில்லை. 1853இல் நாளிதழ் விளம்பரங்களின் மீதிருந்த வரி நீங்கியது. அதுவரை நாலு வரி விளம்பரமானாலும் நாற்பது வரியானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை ஷில்லிங் அரசுக்குப் போனது. ஆறு பென்ஸுக்கு, அதாவது அரை ஷில்லிங்குக்கு, படம் விற்பவன் எப்படி விளம்பரம் கொடுப்பான்? வரி போனதும் சந்துக்கடைக்காரன்கூடப் பத்திரிகைக்கு வந்துவிட்டான். 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 51 பேர்தான் தங்களைப் போட்டோகிராபர் என்று சொல்லிக்கொண்டார்கள். பத்தே வருடத்தில் 2,500க்கும் மேல். கினிக்கு விற்ற முகம் ஆறு பென்ஸுக்கு, நாற்பத்திரண்டில் ஒரு பங்கு விலைக்கு, இறங்கிவிட்டது. சமையற்காரிக்கும் வண்டிக்காரனுக்கும் தன் முகத்தைக் கையில் பிடித்துப் பார்க்கிற வாய்ப்பு வாழ்நாளில் முதல் தடவையாகக் கிடைத்தது. இந்த வரலாற்றை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கும். அந்தச் சிறுமியும் அப்படி ஆசையாக அழைத்துவரப்பட்ட பிள்ளைதான். தலையை வாரி, நல்ல கவுன் போட்டு, அசையாதே என்று சொல்லி நிற்கவைத்திருக்கிறார்கள்.

உடனே ஒருவர் வருவார்: "அப்படியானால் அவர்கள் இறந்தவர்களைப் படமே எடுக்கவில்லையா?" எடுத்தார்கள். நான் எங்கே மறுத்தேன்? ஆயிரம் குழந்தை பிறந்தால் ஏறக்குறைய 150 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துபோன நாடு அது. பல தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளையின் ஒரே படம் இறந்த பிறகு எடுத்த படமாகவே இருந்தது. ஸ்டூடியோக்கள் அதை ஒளித்துச் செய்யவில்லை. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், பாஸ்டன் நகரின் சவுத்வொர்த் அண்ட் ஹாஸ் ஸ்டூடியோ 1846இல் கொடுத்த விளம்பரத்திலேயே, இறந்தவர்களின் படத்தைத் தங்கள் இடத்திலோ அவரவர் வீட்டிலோ எடுத்துத்தருவதாகச் சொன்னது. அமைதியாக உறங்குவதுபோல இயல்பாக இருக்கும் என்று வாக்களித்தது. உறங்குவதுபோல! நிற்பதுபோல என்று இல்லை. நமக்குக் கிடைத்திருக்கிற உண்மையான படங்களும் அப்படித்தான் இருக்கின்றன: கட்டிலில், சவப்பெட்டியில், தாயின் மடியில். தாயின் மடியில் இருக்கிற அந்தப் படங்களை என்னால் நீண்ட நேரம் பார்க்க முடியாது.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் சாவு வீட்டில் படம் எடுப்பது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சர்வசாதாரணம். நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்று எடுத்துக்கொள்வார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டுவார்கள், அப்பா பிளாஷையும் தோள்பையையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் காலமானார். அப்பாவோடு நானும் போய்விட்டேன், வாசலில் நின்று பார்த்தேன். நான்கு ஆண்கள் சேர்ந்து அந்தப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைக்கப் பட்ட பாடு இன்றும் கண்ணில் நிற்கிறது. வாய்க்கட்டு கட்டியிருந்தது. வேட்டியால் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். அப்படியும் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. கடைசியில் அவருடைய மூத்த மகன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அழுதுகொண்டே, இரண்டு கைகளாலும் அப்பாவின் தலையை ஏந்திக்கொண்டார். என் அப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அப்படியே எடுத்தார். அந்தக் கைகள் படத்தில் தெரியும்.

உட்காரவைக்கவே நான்கு பேர் வேண்டும். ஒரு கம்பி நிற்கவைத்துவிடுமாம். ஒரே ஒரு சாவு வீட்டிலாவது கூடமாட நின்று உதவியவர் இதை நம்பமாட்டார்.

"விளம்பரத்தை நம்பி வரலாறு எழுதலாமா? விளம்பரம் என்றாலே பொய்தானே?" என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் கேட்டார். இது நியாயமான கேள்வி, மதிக்கிறேன். ஏமாற்று நிறைய இருந்தது. லண்டன் தெருவோர போட்டோகிராபர் ஒருவர், படம் சரியாக விழாதபோது வேறு யாருடைய படத்தையோ கொடுத்து ஆளை அனுப்பிவைத்ததை, லண்டன் ஏழைகளின் வாழ்க்கையைக் கேட்டு எழுதிய பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூவிடம் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் விளம்பரம் பொய் சொல்வது தரத்தைப் பற்றி. தான் என்ன வேலை செய்கிறோம், யாருக்காகக் கடையைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதில் கடைக்காரன் பொய் சொன்னால் வாடிக்கையாளர் எப்படி வருவார்? பிணத்தை நிற்கவைக்கிற வித்தை ஒருவனுக்குத் தெரிந்திருந்தால், போட்டி அவ்வளவு கடுமையான காலத்தில், கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். நான் படித்த ஆயிரக்கணக்கான விளம்பரங்களில் ஒன்றில்கூட அது இல்லை.

"பொழுதுபோக்குக்குப் போட்டதைப் போய்..." என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் பாட்டியின் ஐந்து வயதுப் படத்தை எடுத்து, இது பிணம் என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினால் உங்களுக்குப் பொழுது போகுமா?

எனக்கு வலிப்பது இதுதான். இந்தக் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? இணைய ஏலத்தில் பழைய படங்களை விற்பவர்கள், சாதாரணக் குடும்பப் படத்தை "இறந்தவர் படம்" என்று எழுதினால் பல மடங்கு விலை போகிறது என்று கண்டுகொண்டார்கள். தாங்கியின் கால் தெரிகிற படங்களெல்லாம் ஒரே நாளில் சாவுப் படங்களாகிவிட்டன. பிள்ளை அசையாமல் நிற்கவேண்டும் என்று வியர்க்க வியர்க்க அந்தத் திருகை முடுக்கிய மனிதனுக்குப் பிணந்தூக்கி என்ற பட்டம். ஆர்ச்சர் தன் கண்டுபிடிப்பை ஊருக்கே கொடுத்துவிட்டு 1857இல் வறுமையில் இறந்தார், அவர் குழந்தைகளுக்காக நிதி திரட்ட வேண்டியிருந்தது. உரிமையெல்லாம் கையில் வைத்திருந்த பியர்டும் கடைசியில் திவாலானார். இந்தத் தொழிலில் பணம் சேர்த்தவர்கள் குறைவு. என் அப்பாவும் சேர்க்கவில்லை. சாவு வீட்டுப் படத்துக்கு அவர் கூலியே கேட்டதில்லை, பிரிண்ட் போட்ட காகிதத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்வார், அதுவும் பதினாறாம் நாள் கழிந்த பிறகு. "பிணத்தைப் படம் எடுத்துச் சம்பாதித்த வீடு" என்று எழுதியவருக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன். அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிற தாத்தாவின் படம், இப்படி யாரோ ஒருவர் இரவில் சைக்கிள் மிதித்துப் போய் எடுத்ததாக இருக்கலாம்.

நேற்று சாயங்காலம் அந்தச் சிறுமியின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி அப்பாவிடம் கொடுத்தேன். காணொளியைப் பற்றியோ அந்தப் பதிலைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. பழைய இங்கிலாந்துப் படம், எப்படி இருக்கிறது பாருங்கள் என்றேன். அவருக்கு வயது 79, கண்புரை அறுவை முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெகட்டிவைப் பார்க்கிற பழக்கத்தில் திரையை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். நான் இத்தனை நாட்களாகத் தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்காத ஓரிடத்தில் விரலை வைத்தார். கவுனின் மடிப்பை ஒட்டி, இடது கைவிரல்கள் புகைபோலக் கலங்கியிருந்தன.

"பிள்ளை கையை ஆட்டிவிட்டாள் பார். இன்னொன்று எடுத்திருக்கலாம்" என்றார்.