விடுதலைக்கு முன்பே வந்த பாட்டு

ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் 'சர்வைவல்' ஆல்பத்தில் உள்ள 'ஜிம்பாப்வே' பாட்டு, அந்நாடு விடுதலை அடைந்த பிறகு அதைக் கொண்டாட எழுதப்பட்டது என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படியில்லைங்க. ஆல்பம் வெளிவந்தது 1979 அக்டோபரில். விடுதலை 1980 ஏப்ரல் 18 அன்று. பாட்டு வந்த நேரத்தில் அங்கே வெள்ளையர் சிறுபான்மை ஆட்சிக்கு எதிரான போர் இன்னும் ஓயவில்லை.

விடுதலை விழாவுக்கு மார்லி நேரில் போய் அந்நாட்டுத் தலைநகரின் ருஃபாரோ மைதானத்தில் பாடினார். குழப்பம் அதனால் வந்திருக்கலாம். பழைய ரெக்கார்டு வைத்திருப்பவர்கள் நடு லேபிளைப் பாருங்கள்: முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டு, ஆண்டு 1979. அதை விடுதலைத் தேதியோடு ஒப்பிட்டாலே போதும். போராடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தோள்கொடுத்த பாட்டு அது. வெறும் வெற்றிப் பாட்டு என்று கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை.