‘ஜப்பான் லுக்’ ப்ரீசெட்டை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள்

‘ஜப்பான் டோன்’, ‘டோக்கியோ மூட்’ என்று பெயர் வைத்து லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளுக்கான ப்ரீசெட் (ஒரே சொடுக்கில் நிறத்தை மாற்றும் ஆயத்த அமைப்பு) விற்பது இப்போது பெரிய வியாபாரம். வாங்கியவர்கள் எந்தப் படம் கிடைத்தாலும் அதன்மேல் அதே வெளிறிய பச்சை கலந்த நீலத்தைப் பூசிவிடுகிறார்கள். கருப்பு வெள்ளை என்றால் கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் சொரசொரப்பான புள்ளிகள்) ஸ்லைடரை முழுக்கத் தள்ளி, கீழே ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா பெயரில் ஒரு ஹேஷ்டேக். இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஜப்பானியக் கலைஞர்களின் படங்கள் அப்படி இருப்பதற்குக் காரணம் அவர்கள் வேலை செய்த முறை. முறையை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

வெளிறிய வெளிச்சத்திலிருந்தே தொடங்கலாம். இதற்கு எல்லோரும் கைகாட்டுவது புகைப்படக் கலைஞர் ரின்கோ கவாவுச்சியை. 2001-இல் ‘உதாதானே’, ‘ஹனாபி’, ‘ஹனாகோ’ என்று மூன்று புத்தகங்களை ஒரே சமயத்தில் வெளியிட்டார். முதல் இரண்டுக்கும் அடுத்த ஆண்டு ஜப்பானின் புகைப்பட விருதான கிமுரா இஹேய் விருது கிடைத்தது. அவருடைய சதுரப் படங்கள் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவில் எடுத்தவை. அதில் போடும் ஒரு 120 ஃபிலிம் ரோலில் 12 படம்தான்.

கலர் நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. அதனால் ஃபிலிமில் இந்த மென்மையைக் கொண்டுவர நினைப்பவர்கள், 400 ஐஎஸ்ஓ ஃபிலிமை 200 என்று மீட்டரில் வைத்து ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். கழுவும்போது எதையும் மாற்ற மாட்டார்கள். கலர் நெகட்டிவுக்கு வழக்கமான சி-41 முறை, டெவலப்பரில் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி. நிழலில் விவரம் நிறைந்துவிடும். ஜன்னல் வெளிச்சமோ வெள்ளைத் துணியோ திடீரென்று வெடித்துப்போகாமல் மெல்ல மெல்ல வெள்ளையில் கரையும்.

டிஜிட்டல் சென்சார் இதற்கு நேர் எதிர். வெளிச்சம் எல்லையைத் தாண்டிவிட்டால் அந்த இடத்தில் தகவலே இருக்காது. ப்ரீசெட் அதைக் கண்மூடித்தனமாக இன்னும் ஒரு ஸ்டாப் தூக்கும்போது, வெள்ளைச் சட்டை கத்தரித்து ஒட்டிய காகிதம் மாதிரி ஆகிவிடும். அதன் ஓரத்தில் மஞ்சளோ இளஞ்சிவப்போ ஒரு கோடும் தெரியும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் ராவில் (சென்சாரின் தகவலை அப்படியே சேமிக்கும் கோப்பு வகை) எடுங்கள். ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருள்-வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) வலது முனை சுவரில் முட்டாதபடி மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள். பிறகு ஹைலைட்டைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு, டோன் கர்வில் (வெளிச்ச அளவுகளை மாற்றும் கோடு) நடுப்பகுதியை மட்டும் தூக்குங்கள். கருப்புப் புள்ளியை ஒரு மயிரிழை உயர்த்தினால் போதும். உச்சி வெயிலில் எடுத்த படத்துக்கு இதில் எதுவுமே உதவாது. கான்ட்ராஸ்ட் குறைவான வெளிச்சம் முதலில் அங்கே இருந்தாக வேண்டும்.

மொரியாமா விஷயத்தில் நடக்கும் அநியாயம் இன்னும் பெரிது. கரடுமுரடான கிரெய்ன், கை நடுக்கம், ஃபோகஸ் விலகல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஜப்பானியர்கள் ‘அரே, புரே, போக்கே’ என்பார்கள். கிரெய்ன் என்பது படத்தின்மேல் கடைசியில் தூவுவதல்ல. நெகட்டிவே அதனால் ஆனது. ட்ரை-எக்ஸ் 400 என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமை 1600 என்று வைத்து, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவான வெளிச்சத்தில் எடுத்தால், மேலும் தண்ணீர் கலக்காத டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் சுமார் 9½ நிமிடம் கழுவ வேண்டும். சாதாரணமாக 6¾ நிமிடம்தான். நிழல் விவரம் போய்விடும், வெளிச்சமான இடம் நெகட்டிவில் அடர்த்தியாகிவிடும். அதைக் கான்ட்ராஸ்ட் அதிகம் தரும் கடினமான கிரேடு காகிதத்தில் அச்சிட்டால் நடுச் சாம்பல் காணாமல் போகும். ஆப்பில் சேர்க்கும் கிரெய்ன் பெரும்பாலும் வானத்திலும் கருநிழலிலும் ஒரே அளவில் உட்காருவதால் பார்த்தவுடனே பொய் தெரிந்துவிடும். டிஜிட்டலில் முயல்வதென்றால் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றி, நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

அந்த வேகமும் முறையிலிருந்து வருவதுதான். 28 மி.மீ. லென்ஸ் போட்ட சின்ன காம்பாக்ட் கேமரா. லென்ஸ் திறப்பை எஃப்/8 வைத்து, ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்திவிட்டால், 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ 1.25 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். வ்யூஃபைண்டரைப் பார்க்கவே வேண்டாம். மங்கல் வேண்டுமென்று கேமராவை வேண்டுமென்றே ஆட்டினால் படம் முழுக்க ஒரே திசையில் இழுபடும். நடந்துகொண்டே 1/15 விநாடி ஷட்டரில் எடுத்தால் சில இடம் நிற்கும், சில இடம் ஓடும். இரண்டும் ஒன்றல்ல.

இதில் நமக்கு ஒரு பழைய எச்சரிக்கை இருக்கிறது. இந்தப் பாணியை முன்னுக்குக் கொண்டுவந்த ‘ப்ரொவோக்’ இதழ் 1968-லும் 1969-லுமாக மூன்றே மூன்று இதழ்கள்தான் வந்தது. மொரியாமா இரண்டாவதில் சேர்ந்தார். மாணவர் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். ஒழுங்கான பத்திரிகைப் படத்தின்மேல் நம்பிக்கை போய்விட்டவர்கள் எடுத்த படங்கள் அவை. 1970-லேயே ஜப்பான் தேசிய ரயில்வே தன் ‘டிஸ்கவர் ஜப்பான்’ சுற்றுலா விளம்பரத்துக்கு அதே மங்கலை எடுத்துப் போஸ்டர் அடித்துவிட்டது! இதழை நிறுவியவர்களில் ஒருவரான தகுமா நகாஹிரா சில ஆண்டுகளிலேயே அந்தப் பாணியைக் கைகழுவினார். தன் பழைய நெகட்டிவ்களில் பெரும்பகுதியை எரித்தும்விட்டார். பிற்காலத்தில் அவர் எடுத்தவை பளிச்சென்ற, கூர்மையான வண்ணப் படங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதை உருவாக்கியவரே வெறுத்து ஒதுக்கிய நகலெடுப்பைத்தான் இன்று நாம் மாதச் சந்தா கட்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

முறைதான் படத்தை உருவாக்குகிறது என்பதற்கு இன்னொரு ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோவின் தியேட்டர் படங்களைப் பாருங்கள். 8x10 அங்குல கேமராவை வைத்து, சினிமா தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடுகிறார். இரண்டு மணி நேரப் படமென்றால் 1,72,800 ஃபிரேம்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, திரை வெறும் வெள்ளையாகிறது. அரங்குக்கு வெளிச்சம் அந்தத் திரைதான். அதனால்தான் திரையை ஒட்டிய அலங்காரச் சிற்பங்கள் துலங்குகின்றன, பின்வரிசை நாற்காலிகள் இருளுக்குள் போகின்றன. ஃபோட்டோஷாப்பில் ஒரு வெள்ளைச் செவ்வகத்தை ஒட்டினால் இந்த வெளிச்சம் வராது.

இன்னொரு ஜப்பானியக் கலைஞர் நாவோயா ஹதகேயாமா சுண்ணாம்புக்கல் குவாரிகளில் வெடி வெடிக்கும் கணத்தை எடுத்தவர். கல் எந்தப் பக்கம் பறக்கும் என்பதை வெடிவைப்பு நிபுணர் கணித்துச் சொல்ல, கேமராவை அருகே வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து இயக்குவார். 2011 சுனாமி அவருடைய ஊரான ரிக்குசென்டகாட்டாவை அழித்தது, தாயையும் இழந்தார். அதன்பின் அந்த ஊரை அவர் எடுத்த படங்களில் நிறத்தால் உருக்கும் முயற்சி கொஞ்சமும் இல்லை. நான் அதிகம் மதிப்பது இவரைத்தான்.

கடைசியாக, யாரும் பேசாத பகுதி: எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்று அடுக்குதல். கவாவுச்சியின் பலம் தனிப்படத்தில் பாதி, எதிரெதிர்ப் பக்கங்களில் பாதி. வீட்டுப் பொருளுக்கு எதிரே செத்த பூச்சியோ பறவையோ வரும்போது இரண்டுமே மாறிவிடுகின்றன. இதைப் பழக 4x6 பிரிண்ட் ஐம்பது, அறுபது போட்டுத் தரையில் பரப்புங்கள். இரண்டிரண்டாகச் சேருங்கள். எல்லோரும் முதலில் சிவப்புக்குச் சிவப்பு, வட்டத்துக்கு வட்டம் என்று சேர்ப்பார்கள். மறுநாள் பார்த்தால் புதிர் விடை மாதிரி சப்பென்று இருக்கும். அவற்றைக் கலைத்துவிட்டு, வெளிச்சத்தின் திசையோ தூரமோ மட்டும் ஒத்துப்போகும் ஜோடிகளைத் தேடுங்கள். இன்ஸ்டாகிராமில் தனித்தனியாகப் போட்டால் ஜோடி உடைந்துவிடும். 1080 பிக்சல் அகல வெள்ளைப் பின்னணியில் 480 பிக்சல் சதுரங்கள் இரண்டை வைத்து, ஓரங்களிலும் நடுவிலும் 40 பிக்சல் இடம் விட்டு ஒரே படமாக ஏற்றுங்கள்.