டாரோ வாயை மூடிக்கொண்ட இடங்கள்

அமெரிக்க வக்கீல் கிளாரன்ஸ் டாரோவைப் (1857–1938) பற்றிப் பேச்செடுத்தாலே "அடேயப்பா, என்ன பேச்சு!" என்கிறார்கள். பேச்சு இருக்கட்டும். தீர்ப்புச் சொல்லும் பாரத்தை யார் தலையில் இறக்குவது என்று அவர் கணக்குப் போட்ட விதம்தான் எனக்குப் பிரமிப்பு.

1924, சிகாகோ. லியோபோல்ட், லோப் என்று பணக்கார வீட்டுப் பையன்கள் இருவர் 14 வயதுச் சிறுவனைக் கொன்றுவிட்டு, போலீசிடம் ஒப்புக்கொண்டும் விட்டார்கள். ஊரே தூக்குக் கேட்டது. பைத்தியம் என்று வாதாடுவார் என எல்லாரும் காத்திருக்க, டாரோ எழுந்து "குற்றவாளிகள்தான்" என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்கள்) கிடையாது, தண்டனையை நீதிபதி ஒருவரே சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பேர் என்றால் தூக்கின் பாவத்தை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஒற்றை மனுஷன் என்ன செய்வார்? அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற நெடிய உரை. நீதிபதி காவர்லி பையன்களின் வயதைக் காரணம் காட்டி ஆயுள் தண்டனையோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வருடம் டென்னசியில், சட்டத்தை மீறிப் பள்ளியில் பரிணாமக் கொள்கை சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஸ்கோப்ஸின் வழக்கு. எதிரே அரசுத் தரப்பில் அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், நிறைவுரையைத் தயாராக வைத்திருந்தார். டாரோ தன் கட்சிக்காரரைக் குற்றவாளி என்றே அறிவிக்கும்படி ஜூரியிடம் கேட்டுவிட்டார்! மேல்முறையீட்டுக்கு வழி கிடைத்தது, நிறைவுரைக்கே இடமில்லாமல் போனதால் பிரையனின் உரையும் அவர் பையிலேயே தங்கிவிட்டது. அபராதம் 100 டாலர். இந்தக் குறும்பை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

இதற்காக அவரைச் சாமியாக்கிக் கும்பிட என்னால் ஆகாது. 1912-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஜூரிக்கு லஞ்சம் கொடுத்ததாக அவரே கூண்டில் நின்றார். ஒரு வழக்கில் விடுதலை. இன்னொன்றில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்ற சந்தேகம் எனக்குண்டு.

அதைவிட உறுத்துவது ஹவாய். 1926-ல் டெட்ராய்ட்டில், தங்கள் வீட்டைச் சூழ்ந்த வெள்ளையர் கும்பலை எதிர்த்து நின்ற ஸ்வீட் என்ற கறுப்பினக் குடும்பத்துக்காக, முழுக்க வெள்ளையர் ஜூரி முன் வாதாடி ஜெயித்தவர் இவர். ஆறே வருடத்தில் ஹொனலூலுவுக்குக் கப்பலேறி, ஜோசப் கஹாஹவாய் என்ற மண்ணின் மைந்தனைக் கொன்ற நான்கு வெள்ளையருக்காக நின்றார். தொழில் என்றால் எல்லா வழக்கும்தான், சரி. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

அங்கே ஜூரி அவர் பேச்சுக்கு மசியவில்லை, குற்றம் உறுதியானது. நால்வருக்கும் 10 வருடம். கவர்னர் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். அந்த ஒரு மணி நேரத்தையும் அவருடைய அலுவலகத்திலேயே கழித்துவிட்டுக் கிளம்பினார்கள்.