அடித்தவன் என்றால் மூளை, அடிபட்டவள் என்றால் திமிர்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். நான் எழுந்து கத்தியது மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பேச வந்தவர் மேடையில் சொன்னது மறந்துவிட்டது போல. சுய விருப்பம், அதாவது நாமாக முடிவெடுக்கும் சுதந்திரம், என்று ஒன்று கிடையவே கிடையாதாம், விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாம், குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன்கூட அவன் மூளைக்குக் கைதியாம், பாவமாம். அதற்குக் கைதட்டல் வேறு.

சரி, அந்த விஞ்ஞானத்தையே பார்ப்போம். பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட சோதனை அது. சோதனைக்கு வந்தவர்கள் தங்களுக்குத் தோன்றும்போது கையை லேசாக அசைக்க வேண்டும், எப்போது தோன்றியது என்று சுற்றிவரும் ஒரு புள்ளியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிட்டது, ஆனால் தோன்றியதாக ஆட்கள் சொன்னது 200 மில்லிநொடிக்கு முன்புதான். நாம் நினைப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். காரணமே இல்லாமல் கையை அசைப்பதும், கதவைத் தாழ் போட்டுவிட்டு ஒருத்தியை அடிப்பதும் ஒன்றா? கடைசி நேரத்தில் வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ள மனிதனால் முடியும் என்று லிபெட்டே எழுதியிருக்கிறார். அந்த மின்மாற்றம் முடிவே இல்லை, மூளையில் இயல்பாக ஏறி இறங்கும் சலனமாகவும் இருக்கலாம் என்று 2012இல் ஷூர்கர் என்ற மூளை ஆய்வாளரும் அவர் குழுவும் சொன்னார்கள். மேடையில் இதில் ஒரு வரிகூட வரவில்லை.

உடனே, சுய விருப்பமே இல்லை என்று வாதிடும் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் சபோல்ஸ்கி பெயரைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அந்த மனிதர் நேர்மையாகச் சொல்கிறார்: பழிக்கும் யாரும் உரியவரில்லை, பாராட்டுக்கும் உரியவரில்லை. நம் மேடைப் பேச்சாளர் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டுதானே இறங்கினார்?

என் கோபம் இதுதான். விருப்பம் என் கையில் இல்லை என்ற சலுகை எப்போதும் அடித்தவனுக்குத்தான் கிடைக்கிறது. அடிபட்டவளுக்கு ஒருநாளும் கிடைப்பதில்லை.

எங்கள் சித்தப்பா குடிப்பார். எவ்வளவு ஏற்றியிருந்தாலும் முதலாளி முன்னால் கை கட்டித்தான் நிற்பார். தெருமுனையில் போலீஸ் ஜீப் நின்றால் நடை நேராகிவிடும். வீட்டுக்குள் வந்த பிறகுதான் மூளை அவரைக் கைதியாக்கும்! பாட்டி ஒவ்வொரு முறையும் சொல்வாள், "அவன் என்ன பண்ணுவான், நேரம் சரியில்லை." கடைசியில் சித்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனார். அப்போது அதே பாட்டி, அதே வாயால், "திமிரெடுத்துப் போறா" என்றாள். சித்திக்கு மட்டும் நேரம் சரியில்லாமல் போகக் கூடாதா? அவருக்கு மட்டும் எங்கிருந்து அவ்வளவு சுய விருப்பம் வந்தது?

குடி ஒரு நோய், உனக்கு அறிவியல் தெரியாது என்று இன்பாக்ஸில் பாடம் எடுப்பவர்களே, நோய்தான், மறுக்கவில்லை, சிகிச்சை கொடுங்கள். ஆனால் ஆள் பார்த்து, இடம் பார்த்து வருகிற நோயை எனக்கு விளக்குங்கள். சட்டத்துக்கே இந்த வித்தியாசம் தெரியும். தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ ஒருவனுக்குப் போதை ஏற்றப்பட்டு, என்ன செய்கிறோம் என்றே அறியாத நிலையில் அவன் இருந்தால்தான் விலக்கு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 85ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 23. தானாகப் போய் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவனுக்கு அது கிடையாது.

கூட்டத்தில் மரியாதை வேண்டாமா, மன்னிப்புக் கேள் என்கிறார்கள். எதற்கு? நான் கத்தியதும் என் மூளை 550 மில்லிநொடிக்கு முன்பே முடிவு செய்ததுதானே, பாவம் நான் என்ன செய்வேன்?

குடும்ப மானத்தைத் தெருவில் போட்டுவிட்டாய் என்று இன்று ராத்திரிக்குள் போன் வரும். அத்தை முதலில் கூப்பிடுவார், அப்புறம் பெரியப்பா. அத்தனை வருஷம் அந்தச் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டபோது போகாத மானம்! வரட்டும். சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "எழுது, ஊர் பேரை மட்டும் போடாதே" என்றார்.