கிட் வேண்டாம், பழைய லுங்கி போதும்

லீவு விட்டதுமே குழந்தைகளுக்கான தையல் கிட் விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. ஏற்கெனவே ஓட்டை போட்ட ஃபெல்ட் துணி, பிளாஸ்டிக் ஊசி, கலர் நூல், அடைக்கக் கொஞ்சம் பஞ்சு. ஒரு மணி நேரத்தில் நரி பொம்மை ரெடி. வாங்கிக் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது தையல் இல்லை. எங்கே குத்த வேண்டும் என்பதைக் கம்பெனிக்காரனே முடிவு செய்துவிட்டான்; நூலை இழுப்பது மட்டும்தான் பிள்ளைக்கு மிச்சம். அந்த ஊசி சாதாரணக் காட்டன் துணியில் இறங்கவே இறங்காது.

தைத்ததைக் குழந்தை மறுநாளே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். அவ்வளவுதான் என் கட்சி. காந்தி 1937இல் வார்தாவில் ஆதாரக் கல்வி, அதாவது கைத்தொழில் வழியாகப் பாடம் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேசியபோது, பிள்ளைகள் கையால் செய்வது உபயோகப்படும் பொருளாக இருக்க வேண்டும் என்றார். அதை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற பகுதியில் எனக்கு உடன்பாடில்லை. உபயோகம் என்ற பகுதியில் முழு உடன்பாடு.

நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஊசியே தேவையில்லை. ரெண்டு ஆலிலை, ஒரு ஈர்க்குச்சி போதும். குச்சியை மேலிருந்து குத்தி, கீழே போய், மறுபடி மேலே எடுத்து, மிச்சத்தை ஒடித்துவிட வேண்டும். தையல் இலை தைத்த பாட்டி வீட்டில் இருந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள், நீங்கள் சொல்லிக்கொடுப்பதைவிட நன்றாக வரும். ஓடு தையல் என்பதும் இதே மேலே கீழேதான்.

ஆறேழு வயதில் நிஜ ஊசி. இங்கேதான் லுங்கி வருகிறது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன, கட்டம் போட்ட காட்டன் லுங்கி. வெள்ளைத் துணியில் நேராகத் தை என்றால் அந்த வயதுப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு போகும்? கட்டத்தில் கோடு தயாராக இருக்கிறது. ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே என்று எண்ணிக்கொண்டே போகலாம். பழைய துப்பட்டா, பட்டு, பாலியஸ்டர் பக்கம் போகாதீர்கள். வழுக்கும், அழுகை வரும்.

என் அக்கா மகன் முதலில் தைத்தது சுருக்குப் பை. லுங்கியில் 8 அங்குல அகலம், 20 அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு. குறுகிய ஓரம் இரண்டையும் ஒரு அங்குலம் மடித்து ஓடு தையல் போட்டால் நாடா நுழையும் வழி கிடைத்துவிடும். பிறகு நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி துணியை இரண்டாக மடித்து, இரு பக்கத்தையும் நாடா வழிக்குக் கீழே வரை மட்டும் தைக்க வேண்டும். வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டால் நாடா போகாது. திருப்பி, ஊக்கில் நாடாவைக் கட்டி உள்ளே ஓட்டினால் முடிந்தது. கோலிக்குண்டு போட அதுவே போதும்.

நூல் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பிள்ளையின் தோளிலிருந்து விரல் நுனி வரை இருக்கும் நூலை இரண்டாக மடித்து, இரு முனையையும் சேர்த்து ஒரே முடிச்சு. ஊசி நழுவாது, நூலும் சிக்காது. நீள நூல் கொடுத்தால் அரை மணி நேரம் சிக்கெடுக்கும் வேலை உங்களுக்குத்தான்.

அப்புறம், தையல் கோணலாகத்தான் வரும். ராத்திரி பிள்ளை தூங்கியதும் அதைப் பிரித்து நேராகத் தைத்து வைக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். காலையில் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், மறுபடி ஊசியைத் தொடாது. பை பிய்ந்தால் பியட்டும். எங்கே பிய்ந்தது என்று பார்த்து, அந்த இடத்தில் பின் தையல், அதாவது ஒவ்வொரு குத்துக்கும் ஒரு அடி பின்னால் போய் முன்னால் எடுக்கும் தையல் போடச் சொன்னால் அடுத்த பாடமும் ஆயிற்று.

இது பெண் பிள்ளை வேலை என்று இன்னும் சொல்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. நம் தெருமுனையில் சட்டை தைக்கிறவர் யார்? காசு வரும் தையல் ஆணுக்கு, வீட்டுக் கிழிசல் பெண்ணுக்கு என்று எப்போது பிரித்தோமோ தெரியவில்லை. பையனுக்குச் சட்டை பட்டனிலிருந்து ஆரம்பியுங்கள். பட்டனுக்கு மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மேலாகத் தைத்து, பிறகு குச்சியை உருவிவிட்டு, பட்டனுக்கு அடியில் நூலை மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டால் காஜாவில் மாட்ட இடம் கிடைக்கும்.

ஊசி குத்துமே என்றால், குத்தும்தான். ஒரு சொட்டு ரத்தம், கொஞ்சம் அழுகை, சரி. எடுத்த ஊசியை எண்ணித் திரும்ப வைக்கும் பழக்கம்தான் முக்கியம். குண்டூசிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சுருக்குப் பை கைவந்தால் அடுத்தது மஞ்சப்பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு, பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை எடுக்கச் சொல்லி 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஒரு இயக்கம் ஆரம்பித்தது. பிள்ளை தைத்த பையோடு காய்கறிக் கடைக்குப் போவது அதில் சேரும். காடாத் துணி வாங்கலாம். இல்லையென்றால் டெய்லர் கடையில் கேளுங்கள், வெட்டி விழுந்த துண்டுகளை ஒரு மூட்டையே கொடுப்பார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் போய் நிற்காதீர்கள், திட்டு விழும்.