பிள்ளையின் பக்கம் நிற்க ஒரு ஆள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எங்கட தமிழ்ச் சனத்துக்குச் சில்ட்ரன்ஸ் எய்ட் என்ற சிறுவர் பாதுகாப்பு அமைப்பு என்றால் ஒரே பயம். பிள்ளைக்கு ஒரு அடி போட்டால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வீட்டுக்கு வீடு கதைப்போம். சரி, தூக்கிக்கொண்டு போன பிறகு அந்தப் பிள்ளையின் பாடு என்ன? அப்படியான பிள்ளைகளைச் சேர்த்துத் தங்கவைக்கும் குரூப் ஹோமில் யாராவது கை நீட்டினால் அது யாரிடம் போய்ச் சொல்லும்? அதை நாங்கள் கதைப்பதே இல்லை.

அதற்கென்றே இங்கே ஒரு அலுவலகம் இருந்தது. சிறுவருக்கும் இளையோருக்குமான மாகாண அட்வகேட், அதாவது பிள்ளைகளுக்காகக் குரல் கொடுப்பவர். 2007இல் சட்டம் போட்டு, அமைச்சின் பிடியிலிருந்து எடுத்து, நேரே சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் பதவியாக்கினார்கள். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்னப் பிரிவு. இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதைப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவரோடு பேச வேண்டுமென்று பிள்ளை கேட்டால் சுணங்காமல், தனியாகப் பேச வழி செய்ய வேண்டும். அந்தத் ‘தனியாக’தான் விசயமே. யாரைப் பற்றி முறையிட வேண்டுமோ அந்த ஆளே பக்கத்தில் நின்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

2011 நவம்பரில், பராமரிப்பில் வளர்ந்த இளையோர் குயின்ஸ் பார்க் சட்டமன்றக் கட்டடத்திலேயே தங்கள் கதைகளைச் சொன்னார்கள். அதற்குத் துணை நின்றது இந்த அலுவலகம். அப்போது அட்வகேட்டாக இருந்தவர் இர்வின் எல்மன்.

2018 நவம்பரில் மாகாண முதல்வர் டக் ஃபோர்டின் அரசாங்கம் பொருளாதார அறிக்கையோடு சேர்த்து இதையும் மூடப்போவதாக அறிவித்தது. டிசம்பரில் சட்டமாக்கி, 2019 மே மாதத்தோடு கதையை முடித்தார்கள். ஆளுங்கட்சி வாங்கில்களில் அப்போது எங்கட தமிழ் ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை வேலையைத்தான் அரச அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் கொடுத்துவிட்டோமே என்பார்கள். கொடுத்தார்கள்தான். ஆனால் ஒம்புட்ஸ்மன் இரண்டு பக்கமும் கேட்கும் நடுநிலையாளர். அவர் வேலையே அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்வகேட் அப்படியில்லை, பிள்ளையின் ஆள். தாய் தகப்பனைப் பிரிந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் தேவை நடுவரா, தன் பக்கம் நிற்கும் ஒருவரா?

இன்னொன்று. சுயாதீனம் சுயாதீனம் என்கிறோம், அமைச்சரால் தொட முடியாத பதவியை ஒரு பெரும்பான்மை அரசாங்கம் சில கிழமைகளில் இல்லாமலாக்கிவிட்டது. வாக்குரிமை இல்லாதவர்களுக்கான அலுவலகம், யாருக்கு நட்டம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சியானாலும் சரி, எங்கட ஆளானாலும் சரி, அந்தப் பதவியைத் திரும்பக் கொண்டுவருவீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை.